வயலிற் பூச்சித்தொகை காணும் முறைகள்

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம்மவர் நாவில் வழங்கும் முதுமொழி. பானை முழுவதையும் உண்டு பார்த்த பின்னரே சோறு வெந்ததெனத் துணிவார் யாருமிலர். ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்த அளவிலேயே உலையை இறக்கிவிடுவர். சிறு பகுதியைக் கண்டு முழுமையைத் துணியும் இவ்வழியைப் புள்ளியியலார் மாதிரியெடுத்தல் என்பர். வயலில் வாழும் பூச்சிகளின் தொகையை அறிய விழைவார்க்கும் இதுவன்றி வேறு வழியில்லை. ஒரு வேலி நிலத்துப் பூச்சிகளை ஒன்றுவிடாது எண்ணி முடிப்பதற்குள் அறுவடையே வந்துவிடும். ஆயினும், பானைச் சோற்றுக்குப் பொருந்துவது வயற்பூச்சிக்கும் அப்படியே பொருந்துமா என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது.

தமிழ் பயில்வார்க்குப் பூச்சியோடு என்ன உறவு என விலங்கியல் வகுப்பு நண்பர்கள் எம்மை நகைத்ததுண்டு. எமக்கு இத்துறையில் வாயிலாய் அமைந்தது ஒரு சொல்லே. எண்ணுதல் என்பது நம் மொழியில் கணக்கிடுதலையும் குறிக்கும், கருதுதலையும் குறிக்கும். ஒன்று, இரண்டு எனத் தொகை சொல்வதும் எண்ணமே. உள்ளத்தில் ஆராய்வதும் எண்ணமே. பூச்சித்தொகை காணும் கலையைப் படிக்கப் படிக்க, இவ்விரு பொருளையும் ஒன்றினின்று மற்றொன்றைப் பிரிக்கவொண்ணாது என்பது எமக்குத் தெளிவாயிற்று.

பொதுப்படப் பேசுவதினும் ஒரு பூச்சியை முன்னிறுத்திப் பேசுதல் நன்று. நெற்பயிரைத் தாக்கும் புகையானை எடுத்துக்கொள்வோம். இது நெல்மணியினும் சிறிய, பழுப்பு நிறமான தத்துப்பூச்சி. பயிரின் அடித்தண்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கூட்டங் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும். தொகை மிகுமாயின் பயிர் வட்டம் வட்டமாக மஞ்சளித்துக் காய்ந்து, தீப்பட்டுப் புகைந்தாற்போலத் தோன்றும். அதுபற்றியே உழவர் இதற்கு இப்பெயர் இட்டனர் போலும். ஆங்கிலத்தாரும் இக்கேட்டை எரிதலோடு சார்த்தியே பெயரிட்டுள்ளனர். வரப்பில் நின்று நோக்குவார்க்கு இலைப்பரப்பு பசுமையாகவே காணும். வட்டம் கண்ணுக்குப் புலப்படும்போதோ அவ்விடத்துப் பயிர் பெரும்பாலும் கைவிட்டுப் போயிருக்கும்.

அஞ்சத்தக்க பகையாயின், எண்ணிக்கொண்டிராமல் முன்கூட்டியே மருந்தடித்துவிடலாகாதோ எனின், ஆகாது. வயலில் புகையான் மட்டும் வாழ்வதில்லை. அதனைப் பிடித்துண்ணும் சிலந்திகள் உள. அதன் முட்டையைத் துளைத்து உறிஞ்சும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி உளது. புகையான் தன் முட்டைகளை இலையுறையின் திசுவுக்குள் செருகி வைப்பதால், தெளித்த மருந்து அவற்றை எளிதில் எட்டுவதில்லை. சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் மடிந்தொழிய, முட்டைகள் பொரித்து வெளிவருங்கால் அவற்றை எதிர்ப்பார் இலர். எனவே, மருந்தடித்த வயலில் புகையான் முன்னினும் பல மடங்கு பெருகுதல் உண்டு. இந்தோனேசியாவில் இது நாடளாவிய துன்பமாயிற்று. அரசின் மானியத்தால் மருந்து மலிந்திருந்த அந்நாட்டில், 1985, 1986 ஆம் ஆண்டுகளில் சாவகத் தீவின் நெல்வயல்களைப் புகையான் பெரிதும் அழித்தது. 1986 நவம்பரில் குடியரசுத் தலைவர் சுகார்த்தோ ஆணையொன்று பிறப்பித்து, நெல்லுக்கு வழங்கிவந்த 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார். மருந்தை நிறுத்துவதற்கு ஓர் அரசாணை வேண்டியதாயிற்று எனின், எண்ணாது தெளித்ததன் விளைவு எத்துணைப் பெரிது என்பதை அன்பர்கள் உய்த்துணர்வாராக.

பூச்சி உளதா என்பதன்று, எத்துணை உளது என்பதே வினாவாக வேண்டும். இக்கருத்தைத் தெளிவுறுத்தியவர் கலிபோர்னியாவைச் சார்ந்த ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் என்னும் நால்வர். 1959 இல் அவர்கள் எழுதிய கட்டுரையொன்றில் பொருளாதாரச் சேதநிலை என்பதற்கு இலக்கணம் வகுத்தனர். பூச்சியால் வரும் இழப்பு, அதனைத் தடுக்க ஆகும் செலவுக்கு ஈடாகும் தொகை ஒன்று உண்டு. அத்தொகையை எட்டுமுன், தடுப்பதற்குக் காலம் கிடைக்கும் வண்ணம் ஓர் எல்லையைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். எல்லைக்குக் கீழே உள்ளவரை பூச்சியைப் பொறுத்துக்கொள்வதே அறிவுடைமை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் புகையானுக்கு அறிவுறுத்தும் எல்லை தூர் ஒன்றுக்கு 1 பூச்சி என்பது. அவர்களே, குத்து ஒன்றுக்கு ஒரு சிலந்தி காணப்படுமாயின், எல்லையைத் தூருக்கு 2 என உயர்த்திக்கொள்ளச் சொல்கின்றனர். பகையை எண்ணுவோன் நண்பனையும் உடன் எண்ணுதல் வேண்டும் என்பது இவ்விதியில் அடங்கியிருத்தலை நோக்குக. இத்துறையில் யாம் கற்ற விதிகளுள் எம் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது இதுவே.

இனி, எண்ணும் முறைக்கு வருவோம். வயலுக்குள் இறங்கி, ஒரு குத்தைச் சற்றுச் சாய்த்துத் தட்டினால் புகையான் நீர்ப்பரப்பில் உதிரும். தண்டிலும் நீரிலும் உள்ளவற்றைக் கூட்டி எண்ணுதல் வேண்டும். இவ்வாறு 10 குத்துகளில் எண்ணியதாகக் கணக்கின் பொருட்டு ஓர் எடுத்துக்காட்டு அமைப்போம். கிடைத்த தொகைகள் 3, 0, 5, 2, 96, 4, 1, 84, 2, 3 எனக் கொள்க. கூட்டினால் 200, சராசரி, குத்துக்கு 20. குத்து ஒன்றில் 20 தூர்கள் இருப்பின், தூருக்குச் சரியாக 1. எல்லையை எட்டிவிட்டது; மருந்தை எடுக்கலாம் என்று கணக்கு சொல்கிறது.

ஆனால், சற்று நின்று நோக்குக. 20 பூச்சி உள்ள குத்து இப்பத்தில் ஒன்றேனும் உண்டா? எட்டுக் குத்துகளில் சராசரி இரண்டரையே; எஞ்சிய இரண்டில் சராசரி 90. அவ்விரண்டு குத்துகளும் நம் கண்ணிற் படாது போயிருந்தால், தூருக்கு எட்டில் ஒரு பங்கு எனக் கண்டு வீட்டில் உறங்கியிருப்போம். மாறாக, மஞ்சளித்த இடத்தைக் கண்டு அஞ்சி அங்கேயே ஓடி எண்ணியிருந்தால், தூருக்கு நான்கரை எனக் கண்டு அண்டை வயலாரையும் கலங்கச் செய்திருப்போம். வயல் ஒன்றே, பூச்சியும் அவையே, விடை மட்டும் மூன்று.

பானைச் சோறும் வயற்பூச்சியும் வேறுபடும் இடம் இதுவே. உலையில் நீர் கொதித்துக் குமுறி அரிசியை இடைவிடாது கலக்குகிறது. ஆதலின் எப்பருக்கையை எடுப்பினும் ஏறத்தாழ ஒன்றே. வயலை அவ்வாறு கலக்குவார் இல்லை. தாய்ப்பூச்சி முட்டையிட்ட இடத்திலேயே குஞ்சுகள் பொரித்துத் திரள்கின்றன. நிழலும் ஈரமும் நெருக்கமும் உள்ள இடத்தை அவை நாடுகின்றன. ஒரு பருக்கை போதும் என்பதன்று, கலங்கிய பானைக்கு ஒரு பருக்கை போதும் என்பதே அப்பழமொழியின் உட்கிடை எனல் வேண்டும்.

பூச்சிகள் எந்த ஒழுங்குமின்றித் தற்செயலாகச் சிதறிக் கிடப்பின், குத்துக்குக் குத்து காணும் வேறுபாட்டின் அளவாகிய மாறுபாடு, சராசரிக்குச் சமமாக இருக்கும் என்பது புள்ளியியலார் கணக்கு. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் சராசரி 20; மாறுபாடோ ஏறத்தாழ 1,371. சராசரியைப்போல் அறுபத்தெட்டு மடங்குக்கும் மிகுதி! பூச்சிகள் திரண்டு வாழ்கின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டா. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தைச் சார்ந்த எல். ஆர். டெய்லர் 1961 இல் இதனை ஒரு விதியாகவே நிறுவினார். சராசரி உயர உயர மாறுபாடும் அதன் அடுக்காக உயர்கின்றது. அவ்வடுக்கெண் திரட்சியின் இயல்பைக் காட்டுகின்றது. பூச்சி மட்டுமன்றிப் பிற உயிர்கள் பலவும் இவ்விதிக்கு இணங்கி நிற்றல் வியப்பே.

இதனால் உழவர்க்கு வரும் பயன் யாது? பத்துக் குத்துகளைக் கொண்டு "20" என்று சொன்னோமல்லவா? அதன் திட்டப்பிழையைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 12 வருகிறது. உண்மைச் சராசரி எட்டாகவும் இருக்கலாம்; முப்பத்திரண்டாகவும் இருக்கலாம்; அவற்றிற்கு அப்பாலும் இருக்கலாம். இத்துணை ஐயத்தோடு மருந்துக்குப் பணம் செலவிடுவதா? ஐயத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டின், எண்ணும் குத்துகளை இரட்டித்தாற் போதாது. நான்மடங்காக்கி 40 குத்துகளை எண்ணுதல் வேண்டும். இஃது எம்போன்ற சோம்பர்க்கு உவப்பான செய்தியன்று. எனினும், "குத்துக்கு 20" என்று தலைநிமிர்ந்து சொல்வதினும் "20, ஐயம் 12" என்று சொல்வதே மெய்ம்மைக்கு அணித்து என்பது எம் துணிபு. செய்தித்தாளிலும் மேடையிலும் தனித்து நிற்கும் எண்களைக் காணும்போதெல்லாம், அவற்றின் ஐயத்தை எங்கே ஒளித்தனர் என வினவத் தோன்றுகிறது.

எத்துணைக் குத்து என்பதோடு, எக்குத்து என்பதும் வினாவாகும். வரப்போரத்தில் எண்ணுதல் எளிது, கால் சேறாகாது. ஆயின் காற்றும் ஒளியும் புகும் ஓரப்பயிர் வேறு, நெருங்கிய நடுவயல் வேறு. நம் கண்ணே தேர்ந்தெடுப்பின், அது நோயுற்றதையோ செழித்ததையோ நாடும், இடைப்பட்டதை நாடுவதில்லை. ஆகலின், தேர்வைக் கண்ணுக்கு விடாது திருவுளச்சீட்டுப் போன்ற தற்செயலுக்கு விடுதல் வேண்டும். 1919 இல் ராதம்ஸ்டெட்டிற் பணியேற்ற ஆர். ஏ. பிஷர் வேளாண் ஆய்வுகளுக்குப் புகட்டிய பெரும்பாடங்களுள் இத்தற்செயல் நெறி ஒன்று. அத்துணை நுட்பம் இயலாத உழவர், வயலின் ஒரு மூலையிற் புகுந்து கோணல்மாணலாக மறுமூலைக்கு நடந்து, இத்தனை அடிக்கு ஒரு குத்து என முன்னரே வரையறுத்துக்கொண்டு, அவ்வடியில் எது வாய்க்கிறதோ அதனையே எண்ணலாம். "இது நன்றாயில்லை, அடுத்ததைப் பார்ப்போம்" என்று ஒருமுறை நகர்ந்தாலும் கணக்கு கெட்டது.

குத்துக்குக் குத்து, சதுர மீட்டருக்குச் சதுர மீட்டர் எண்ணுதல் ஒரு வகை. தண்டுத் துளைப்பானுக்குச் சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல் என எல்லை வகுத்திருப்பது இவ்வகையின்பாற்படும். மற்றொரு வகையில், நிலத்தின் அளவை விடுத்து, ஒரே செய்கையைத் திரும்பத் திரும்பச் செய்து, அகப்பட்டதை எண்ணுவர். நாற்றங்காலில் இலைப்பேன் காண்பதற்கு உள்ளங்கையை நீரில் நனைத்து, நாற்றின் மேல் 12 இடங்களில் தடவிப் பார்ப்பர். கையில் ஒட்டியவை 60 ஆயின் எல்லை எட்டியதாகும். செலவில்லாத கருவி! பச்சைத் தத்துப்பூச்சிக்குக் கைவலையை 25 முறை வீசுவர். அதற்கும் 60 என்பதே எல்லை. ஆனால் வலை வீசுவோரின் கைவலிமை, காலையா மாலையா, காற்று உளதா இலதா என்பவற்றால் தொகை மாறும். அன்றியும், வலை இலைப்பரப்பைத் துழாவுமேயன்றி அடித்தண்டை எட்டாது. வலையில் புகையான் இல்லை என்பதுகொண்டு வயலில் இல்லை எனத் துணிவது, கிணற்றின் மேல்நீரைப் பார்த்துச் சேறில்லை என்பது போலாம்.

விளக்குப்பொறியும் அத்தகையதே. முழுநிலாக் காலத்தில் பொறியின் விளக்கொளி எடுபடாமையால் அகப்படுவன குறையும். பூச்சி குறைந்தது என்பது பொருளன்று. புகையானில் நீண்ட சிறகுடையன, குறுஞ்சிறகுடையன என இருவடிவம் உண்டு. விளக்கை நாடிப் பறந்து வருவன நீண்ட சிறகின. வயலிலேயே தங்கி முட்டையிட்டுப் பெருக்குவன குறுஞ்சிறகின. எனவே பொறி காட்டுவது வருவோரின் வரவையே. குடியிருப்போரின் தொகையை அன்று. இனக்கவர்ச்சிப் பொறியிலோ ஆண் அந்துகள் மட்டுமே விழும். எனினும் பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழு காய்க்குள் மறைந்து வாழ்வதாகலின், அதற்கு இப்பொறி பெருந்துணை. தொடர்ந்து மூன்று நாள் பொறிக்கு 8 அந்துகள் விழுமாயின் விழித்துக்கொள்க என்பது விதி. இத்தகைய கருவிகளை ஆண்டாண்டாக ஒரே இடத்தில், ஒரே வகையாக இயக்கினால்தான் அவற்றின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பொருள் காணலாம். ராதம்ஸ்டெட்டில் 12.2 மீட்டர் உயரமுள்ள உறிஞ்சுபொறி 1964 முதல் காற்றில் வரும் அசுவினிகளைப் பிடித்து வருகிறது. ஓராண்டுக் கணக்கு அதிகம் பேசாது. அறுபது ஆண்டுக் கணக்கு பேசும்.

குறியிட்டு விடுத்து மீளப்பிடித்தல் என்பது வேறொரு முறை. இதன் வடிவழகு எம்மை மிகவும் ஈர்த்தது. 200 வண்டுகளைப் பிடித்து முதுகில் வண்ணப்புள்ளி இட்டு விடுத்தோம் எனக் கொள்க. சின்னாள் கழித்து மீண்டும் 150 பிடித்தோம். அவற்றுள் 10 புள்ளியுடையன. பதினைந்துக்கு ஒன்று புள்ளியுடையதாயின், புள்ளியிட்ட 200 முழுத்தொகையில் பதினைந்தில் ஒரு பங்கு. ஆகவே முழுத்தொகை 3,000. டென்மார்க்கில் பீட்டர்சன் 1896 இல் மீன்களுக்கும், அமெரிக்காவில் லிங்கன் 1930 இல் வாத்துகளுக்கும் இக்கணக்கைக் கையாண்டனர். பயிர்ப்பூச்சியன்றெனினும் ஒன்று குறிக்கத்தக்கது: ஆப்பிரிக்காவின் தங்கனீக்காவில் உறக்கநோய் பரப்பும் செட்சி ஈக்களின் தொகையை ஜாக்சன் என்பார் 1930களில் இவ்வாறே கண்டார். ஆயினும், விடுத்த வண்டுகள் மற்றவற்றோடு நன்கு கலந்திருத்தல் வேண்டும். புள்ளியிட்டமையால் பறவைக்கு எளிதில் இரையாகாதிருத்தல் வேண்டும். இடையில் பிறப்பும் இறப்பும் வரவும் போக்கும் மிகாதிருத்தல் வேண்டும். மறுபடியும் பானையைக் கலக்கும் பேச்சே வந்துவிட்டது. புகையான்போற் சிறியதும் பல்கிப் பெருகுவதுமான பூச்சிக்கு இம்முறை ஏலாது.

நாற்பது குத்து எண்ணுவது கடினம் என்றோம். அக்கடினத்தைத் தணிக்க வந்தது தொடர்மாதிரி முறை. இதனை வகுத்த ஆபிரகாம் வால்டு பூச்சியியலார் அல்லர், கணித அறிஞர். இரண்டாம் உலகப் போரின்போது, 1943 இல், அமெரிக்காவிற் போர்க்கருவிகளைச் சோதிக்கும் பொருட்டு இதனைக் கண்டார். சோதிக்கும் பொருள்களின் தொகையை முன்னரே முடிவு செய்யாது, ஒவ்வொன்றாகச் சோதித்து, ஒவ்வொன்றின் பின்னும் "முடிவுக்கு இது போதுமா?" என வினவுவதே இதன் கருத்து. பின்னர் இது பூச்சியெண்ணுவார் கைக்கு வந்தது. குத்துகளை எண்ணிக் கூட்டிக்கொண்டே செல்வர். கூட்டுத்தொகை கீழ்க்கோட்டுக்குக் கீழே சென்றால் மருந்து வேண்டா என நிறுத்துவர். மேற்கோட்டைக் கடந்தால் வேண்டும் என நிறுத்துவர். இடையே நின்றால் மட்டும் மேலும் எண்ணுவர். பூச்சி மிகக் குறைந்த வயலும் மிக மலிந்த வயலும் சில குத்துகளிலேயே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். உழைப்பெல்லாம் ஐயத்துக்குரிய வயலுக்கே செல்லும். இந்தியாவிற்கு வருகை தந்த வால்டு, 1950 டிசம்பரில் வானூர்தி விபத்தில் மனைவியாரோடு நம் நீலகிரி மலைச்சரிவில் உயிர்நீத்தார் என்பதைப் படித்தபோது எம் நெஞ்சம் கனத்தது. அம்மலைக்குக் கீழே பவானி ஆற்றுப் பாசன வயல்களில் இன்று யாரேனும் அவர் முறைப்படி புகையான் எண்ணினால், அவர் இறுதியாகக் கண்ட மலையின் அடிவாரத்திலேயே எண்ணுகின்றார் எனலாம்.

இந்தோனேசியாவைத் தடையோடு விட்டுவந்தோம். தடை மட்டும் அந்நாட்டைக் காக்கவில்லை. 1989 முதல் அங்கே உழவர் வயற்பள்ளிகள் தொடங்கப்பெற்றன. கூரையும் பலகையும் இல்லாப் பள்ளி அது. உழவர் சிறுசிறு குழுவாகப் பிரிந்து வாரந்தோறும் வயலில் இறங்கி, குத்துகளைப் பார்த்து, புகையான் இத்தனை, சிலந்தி இத்தனை என எண்ணுவர்; பின் கரையேறி, பெரிய தாளில் பயிரை வரைந்து, ஒருபுறம் பகையையும் மறுபுறம் நண்பரையும் தீட்டி, மருந்து வேண்டுமா என வாதிட்டு முடிவு செய்வர். திட்டப்பிழை என்னும் சொல்லை அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். எனினும் பலர் பல இடங்களில் எண்ணி, வாரந்தோறும் மீண்டும் எண்ணுவதால், ஒருவர் ஒருமுறை எண்ணுவதிலுள்ள பிழை தானே குறைகின்றது. எண்ணுதலின் இருபொருளும் அத்தாளில் ஒருங்கே அமைந்திருத்தல் காண்க.

இக்காலத்தார் ஆளில்லா வானூர்தியால் வயலைப் படம்பிடிக்கின்றனர். கைப்பேசியிற் படமெடுத்துப் பூச்சியின் பெயர் அறிகின்றனர். பெயரறிதல் நன்றே. ஆனால் வானிலிருந்து காண்பது இலைப்பரப்பு. புகையானோ அதன் கீழே இருக்கிறது. மஞ்சளித்த வட்டத்தை வானூர்தி காட்டும்போது காலம் கடந்திருக்கும். இன்றும் ஒருவர் சேற்றில் இறங்கிக் குனிந்து குத்தை விலக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வசதியாக, நடவின்போதே 2.5 மீட்டருக்கு ஒருமுறை 30 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் பட்டம் பிரித்து நடுமாறு வேளாண்மைத் துறையார் சொல்கின்றனர். புகையான் விரும்பாத ஒளியும் காற்றும் அவ்வழியே அடித்தண்டுவரை செல்லும். எண்ணப் போகிறவரும் பயிரை மிதிக்காது அவ்வழியே செல்லலாம்.